புதுச்சேரியின் புலன்கள்: காதும் மூக்கும் கையும் அறிந்த நகர வரலாறு

புதுச்சேரியின் வரலாறு பெரும்பாலும் ஆளுநர்கள், போர்கள், உடன்படிக்கைகள் என்ற வரிசையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1674இல் பிரான்சுவா மார்த்தேன் வந்தார். 1693இல் டச்சுக்காரர் நகரைப் பிடித்தனர். 1699இல் திருப்பித் தந்தனர். 1761இல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினர். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவுக்கு மாறியது. மாணவர்கள் இவற்றை மனப்பாடம் செய்கின்றனர். ஆனால் இந்த ஆண்டுகளுக்கு நடுவே அங்கே வாழ்ந்தவர்கள் எதைக் கேட்டு விழித்தனர், எந்த மணத்தை நம்பித் தொழில் நடத்தினர், எந்த ஓசைக்காகச் சண்டையிட்டனர் என்பதற்கும் சான்றுகள் உள்ளன. அவற்றைத் தொகுத்துப் பார்த்தால் அதே நகரம் வேறு விதமாகத் தெரிகிறது.

புலன்களைக் கொண்டு உலகைப் பகுத்துப் பார்ப்பது தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது. தொடு உணர்வில் தொடங்கி நாக்கு, மூக்கு, கண், செவி என ஏறி மனத்தில் முடிவது அந்த வரிசை. புதுச்சேரிக்கு அந்த வரிசை பொருந்தாது. இந்நகரத்தின் பழைய சான்றுகளில் முதலில் வருவது செவிதான்.

பீரங்கியை எண்ணிய காது

ஆனந்தரங்கப் பிள்ளை 1709இல் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் துபாசியாக உயர்ந்து, ஆளுநர் டூப்ளேயின் நம்பிக்கைக்குரியவராக இருந்தார். 1736 செப்டம்பர் 6 முதல் அவர் தமிழில் எழுதிவந்த நாட்குறிப்பு, நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த 1761 ஜனவரி வரை நீள்கிறது. அவர் வாழ்வு முடிந்ததும் அந்த மாதத்திலேயே. எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் பெரிதாகக் கவனிக்காமல் கிடந்த அந்தக் குறிப்பை 1846இல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தார். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது.

இந்த நாட்குறிப்பைப் படிக்கும் மாணவர்களுக்கு முதலில் அலுப்பூட்டுவது பீரங்கிக் கணக்கு. கப்பல் வந்தது, இத்தனை பீரங்கி போட்டார்கள். கோட்டையிலிருந்து பதிலுக்கு இத்தனை போட்டார்கள். விருந்தில் மன்னர் நலத்துக்காகக் குடித்தபோது இத்தனை. பக்கம் பக்கமாக இது வருகிறது. அலுப்பாகத் தோன்றினாலும் இதில் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் மரியாதையை ஊர் முழுவதும் காதால்தான் அளந்தது. கோட்டைக்குள் யார் எந்த நாற்காலியில் அமர்ந்தார் என்பதைத் தெருவில் நிற்பவர் பார்க்க முடியாது. எத்தனை முறை பீரங்கி முழங்கியது என்பதை மட்டும் நெசவாளரும் மீனவரும் வணிகரும் தம் இடத்திலிருந்தே எண்ணிவிடலாம். எண்ணிக்கை குறைந்தால் அவமதிப்பு, கூடினால் பெருமை. அவ்வோசை அன்றைய அரசிதழ் போலவே செயல்பட்டது. பிள்ளை அதை நாள்தோறும் பதிவு செய்தார்.

பீரங்கி எப்போதும் மரியாதைக்காக மட்டும் முழங்கவில்லை. 1748இல் ஆங்கிலத் தளபதி பாஸ்காவன் நகரை முற்றுகையிட்டபோது குண்டுகள் ஊருக்குள் விழுந்தன. அந்த முற்றுகையின் நடுவில், செப்டம்பர் மாதத்தில், வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது.

அந்தக் கோயிலும் ஏசு சபையினரின் தேவாலயமும் அருகருகே இருந்தவை. இரண்டுக்கும் இடையிலான பிணக்கு ஐம்பது ஆண்டுக் காலப் பழமை உடையது. அதில் பெரும்பகுதி ஓசை பற்றியது. கோயில் மேளமும் ஊர்வலமும் தம் வழிபாட்டுக்கு இடையூறு என்று பாதிரியார்கள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே ஆளுநர்களிடம் முறையிட்டுவந்தனர். ஆளுநர்கள் சில நேரங்களில் தடை விதித்தனர். அப்போதெல்லாம் மக்கள், குறிப்பாக நெசவாளர்கள், ஊரைவிட்டுப் போய்விடுவோம் என்று கூடிவிடுவர். நெசவாளர் போனால் துணி இல்லை. துணி இல்லையெனில் கம்பெனிக்குப் புதுச்சேரியில் வேலை இல்லை. ஆளுநர்கள் பின்வாங்குவர். மேளம் மீண்டும் ஒலிக்கும். ஒரு தறிக்காரரால் ஆளுநரைப் பணியவைக்க முடிந்தது என்பதைப் பாடநூல்கள் ஏனோ சொல்வதில்லை.

1748இல் முற்றுகை நடந்துகொண்டிருந்தது. ஊரைவிட்டுப் போவோம் என்று மிரட்ட வழி இல்லை. கோயில் போனது. பிள்ளை அதைத் தடுக்க முடியாத வேதனையோடு எழுதிவைத்திருக்கிறார். டூப்ளேயின் மனைவிக்கும் பாதிரியார்களுக்கும் இதில் இருந்த பங்கை அவர் மறைக்கவில்லை. இன்று ஈசுவரன் கோயில் வீதியில் உள்ள வேதபுரீசுவரர் கோயில் பின்னாளில் எழுப்பப்பட்டது. பழைய தேவாலயத்தின் வழியில் வந்த பேராலயம் மிஷன் வீதியில் இருக்கிறது. ஊர் மக்கள் அதைச் சம்பா கோயில் என்பர். இன்று நகரத்தில் ஆலய மணியும் கோயில் மேளமும் ஒன்றாகவே கேட்கின்றன.

மூக்கால் அறியப்பட்ட நீலத் துணி

புதுச்சேரி உலகச் சந்தைக்கு அனுப்பிய பொருள்களில் மிகவும் விசித்திரமான கதை உடையது 'கினே' என்று பிரெஞ்சுக்காரர் அழைத்த நீலத் துணி. கினி என்பது மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு ஐரோப்பியர் வைத்த பெயர். அங்கே போகும் துணி என்பதால் அதற்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

செனகல் ஆற்றங்கரையில் பிரெஞ்சு வணிகர்கள் கருவேல இனத்து மரங்களிலிருந்து எடுக்கப்படும் பிசினை வாங்கினர். துணிகளில் அச்சு வேலை செய்யும் ஐரோப்பிய ஆலைகளுக்கு அந்தப் பிசின் தேவைப்பட்டது. அதை விற்ற மூர் இன மக்கள் நாணயம் கேட்கவில்லை. நீலத் துணி கேட்டனர். 19ஆம் நூற்றாண்டில் அந்த ஆற்றங்கரையில் ஒரு கினே துண்டு என்பதே பண அலகாக இருந்தது. பிசினுக்கும் அதுவே விலை, பிற பொருள்களுக்கும் அதுவே விலை.

எந்தப் பணமும் கள்ளப் பணத்துக்கு இடம் கொடுக்கும். பிரான்சின் ரூவான் பகுதி ஆலைகள் மலிவான போலித் துணியை நெய்து அனுப்பிப் பார்த்தன. பார்வைக்கு நிறம் ஒன்றாகவே இருந்தது. ஆனால் வாங்குபவர்கள் துணியைக் கையில் எடுத்துத் தடவினர்; மூக்கருகே கொண்டுபோயினர்; வைத்துவிட்டனர். புதுச்சேரித் துணிக்கு அவுரிச் சாயத்தால் வந்த ஒரு தனி வாசனையும், தொட்டால் தெரியும் ஒரு தனிப் பிடிப்பும் இருந்தன. இந்த இரண்டையும் ஐரோப்பிய ஆலையால் தர முடியவில்லை. பாலைவனத்தின் விளிம்பில் வாழ்ந்த, புதுச்சேரியைக் கண்ணால் கண்டிராத ஒருவர் மூக்கால் அதை அடையாளம் கண்டார். துணியின் நீலம் உடுத்தவர் தோலிலும் படியும். அங்கே அது குறையாகக் கருதப்படவில்லை. செல்வத்தின் அடையாளமாகவே பார்க்கப்பட்டது.

அந்த வாசனை எங்கிருந்து வந்தது என்று அறியச் சாயத் தொழிலைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். அவுரிச் செடியிலிருந்து எடுத்த நீலக் கட்டி தண்ணீரில் கரையாது. அப்படியே துணியில் ஏறாது. அதைப் புளிக்கவைக்க வேண்டும். தென்னிந்தியச் சாயக்காரர்கள் தாழியில் நீலத்தோடு சுண்ணாம்பும் உவர்மண்ணும் சேர்த்து, வேகவைத்த தகரை விதையைப் போட்டு ஊறவிடுவர். தாழிக்குள் நுண்ணுயிர்கள் வேலை செய்து, நீரில் கலந்துள்ள உயிர்வளியைத் தீர்த்துவிடும். அப்போது நீலம் தன் நிறத்தை இழந்து, மஞ்சள் கலந்த பச்சை நீராகக் கரையும். அதில் முக்கிய துணி பச்சையாக வெளியே வரும். காற்றுப் பட்டதும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகும். மீண்டும் முக்கி மீண்டும் காற்றில் பிடித்தால் நிறம் அடரும்.

தாழி பக்குவமாக இருக்கிறதா என்று சொல்ல அன்று எந்தக் கருவியும் இல்லை. சாயக்காரர் அதை மோந்து பார்ப்பார். புளிப்பு மிகுந்தால் சுண்ணாம்பு குறைவு. காரம் மூக்கைக் குத்தினால் அதிகம். மேலே மிதக்கும் நுரையின் நிறத்தைப் பார்ப்பார். விரலிடையில் நீரைத் தேய்த்து அதன் வழவழப்பை அறிவார். ஒரு துளியை நாக்கில் வைப்பதும் உண்டு. சமையலில் 'கைப்பக்குவம்' என்று நாம் சொல்வதற்கு இது மிக நெருக்கமானது. தவறினால் பல நாள் உழைப்பும் விலையுயர்ந்த நீலமும் ஒரே தாழியில் வீணாகும். ஆகையால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு, அந்தக் குடும்பத்தில் மூத்தவரின் மூக்கைச் சார்ந்திருந்தது என்று சொன்னால் மிகையாகாது. சாயமேறிய துணியைக் கஞ்சி போட்டு, மரத்தால் அடித்து மெருகேற்றுவர். கையில் உணரப்பட்ட அந்தப் பிடிப்பு இப்படி வந்தது.

1820களின் இறுதியில் பிரெஞ்சு நிர்வாகத்தின் ஊக்கத்தோடு புதுச்சேரியிலேயே இயந்திர நூற்பாலை தோன்றியது. சவானா ஆலை என்று ஊரார் அறிந்தது அதன் வழியில் வந்ததே. நெசவு ஆலைக்குள் போன பிறகும் சாயமும் வாசனையும் நெடுநாள் கைத்தொழிலாகத் தொடர்ந்தன. ஜெர்மானிய வேதியியலாளர்கள் செயற்கை நீலத்தைக் கண்டறிந்து, 1897இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு அவுரி வயல்கள் வேகமாகச் சுருங்கின. வேதியியல்படி இரண்டும் ஒரே பொருள்; கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. தாழியின் மணம் மட்டும் செயற்கை நீலத்தில் இல்லை.

ஆலைச் சங்கு

ஆலைகள் வந்ததும் நகரத்தின் காலை மாறியது. கோழி கூவுவதையும் கோயில் மணியையும் கேட்டு எழுந்த முத்தியாலுப்பேட்டை, முதலியார்பேட்டை வீடுகள் ஆலைச் சங்குக்கு எழத் தொடங்கின. விடியுமுன் சங்கு ஊதும். வேலைக்குப் போனவர் இருட்டியபின் திரும்புவார். பெண்களும் சிறுவர்களும் அப்படித்தான் உழைத்தனர். சங்கு ஊதும் நேரம் யார் கையில் இருக்க வேண்டும் என்பதே 1930களின் போராட்டம் எனலாம். 8 மணி நேர வேலையும் சங்க உரிமையும் கேட்டு வ. சுப்பையா முதலியோர் தலைமையில் தொழிலாளர்கள் திரண்டனர். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு பிரெஞ்சிந்தியாவில் 8 மணி நேர வேலை சட்டமானது. ஜூலை 30 இன்றும் புதுச்சேரியில் தியாகிகள் நாளாக நினைவுகூரப்படுகிறது.

ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி என்ற மூன்று பெரிய ஆலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நலிந்தன. 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயல் ஏ.எஃப்.டி. ஆலையைக் கடுமையாகச் சேதப்படுத்தியது. 2020இல் அவை மூடப்பட்டன. இன்று சங்கு இல்லை. கைப்பேசி அலாரம் அவரவர் தலையணை அருகே தனித்தனியே ஒலிக்கிறது.

கண் ஏமாந்த இரண்டு கதைகள்

வெள்ளி கோள் சூரியனின் முகத்தைக் கடப்பது அரிய நிகழ்ச்சி. அதை உலகின் பல இடங்களிலிருந்து பார்த்து அளந்தால் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைக் கணக்கிடலாம். 1761 ஜூன் 6 அன்று நிகழவிருந்த கடப்பைப் புதுச்சேரியிலிருந்து காணப் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டி கப்பலேறினார். அவர் இந்தியக் கரையை நெருங்கியபோது புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்தது. இறங்க முடியவில்லை. குறித்த நாளில் அவர் நடுக்கடலில் இருந்தார். வானம் தெளிவாக இருந்தது. ஆனால் ஆடும் கப்பலிலிருந்து செய்த அளவீடு எதற்கும் பயன்படவில்லை.

அடுத்த கடப்பு 1769இல். அவர் ஊர் திரும்பாமல் கிழக்கிலேயே எட்டு ஆண்டுகள் காத்திருந்தார். 1768இல் புதுச்சேரிக்கு வந்து, இடிபாடுகளிடையே ஆய்விடம் அமைத்துக்கொண்டார். அதற்கு முந்தைய நாட்களில் காலை வானம் தெளிவாகவே இருந்தது. ஜூன் 4 அதிகாலை மேகம் மூடியது. கடப்பு முடிந்த பிறகு சூரியன் வெளியே வந்தது. 1771இல் அவர் பிரான்சுக்குத் திரும்பியபோது, இறந்துவிட்டார் என்று கருதி உறவினர்கள் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர்.

லெ ஜான்டியின் பயணம் முழுவதும் வீணானது என்று சொல்வது சரியன்று. அவர் புதுச்சேரியில் தமிழ்க் கணியர்களிடம் கிரகணக் கணிதம் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ் முறையில் கணக்கிட்டபோது 41 விநாடி குறைவாக வந்தது. ஐரோப்பாவில் சிறந்ததாகக் கருதப்பட்ட மாயரின் அட்டவணை 68 விநாடி மிகுதியாகக் காட்டியது. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் 1825இல் வெளியிட்ட 'காலசங்கலித' என்ற நூலிலும் இத்தகைய கணியர் ஒருவர் வருகிறார். அவர் தாளும் எழுத்தும் இன்றி, தரையில் சோழிகளை அடுக்கி, மனத்தில் பதித்திருந்த வாய்பாட்டைக் கொண்டு கிரகணத்தைக் கணித்துக்காட்டினார். தொலைநோக்கி வைத்திருந்தவருக்கு மேகம் தடையாயிற்று. சோழி வைத்திருந்தவருக்கு வானத்தைப் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை.

இரண்டாவது கதை வாய்வழி மரபு, ஆதாரம் கேட்கக்கூடாது. விசயநகர அரசர் இவ்வழியே வந்தபோது விளக்கொளியில் பொலிந்த ஒரு மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கைகூப்பினார். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று அறிந்ததும் வெகுண்டு, இடிக்க ஆணையிட்டார். ஏமாந்தது அவர் கண், தண்டனை ஆயிக்கு. ஆயி தானே வீட்டை இடித்து, அந்த இடத்தில் மக்களுக்குக் குளம் வெட்டினார் என்பது கதை. அந்தக் குளம் முத்திரப்பாளையத்தில் இருந்தது.

வாய்க்கு ருசித்த நீரும் வடவமும்

கடற்கரை நகரமான புதுச்சேரியில் நல்ல குடிநீர் எளிதில் கிடைக்கவில்லை. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் லமேரெஸ் என்ற பொறியாளர் முத்திரப்பாளையத்து நீரை நகருக்குக் கொண்டுவந்தார். அதன் நினைவாக எழுந்ததே இன்று பாரதி பூங்காவின் நடுவில் வெள்ளையாக நிற்கும் ஆயி மண்டபம். ஒரு தாசியின் பெயரால் அமைந்த மண்டபம் புதுச்சேரி அரசின் சின்னத்தில் இடம்பெற்றிருப்பது எண்ணிப்பார்க்கத் தக்கது.

உணவைப் பற்றி இணையத்தில் நிறையவே கிடைக்கிறது. இங்கே ஒரு சொல் போதும். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள் ஆகியவற்றை விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து, பல நாள் வெயிலில் காயவைப்பது வடவம். குழம்பில் தாளித்தால் தெருவுக்கே தெரியும். பிரெஞ்சுக்காரர் இதை 'வடுவான்' என்று தம் நாட்டுக்குக் கொண்டுபோயினர். அங்கே இன்று அது உயர்தர உணவகங்களில் வழங்கும் மசாலாவின் பெயர்.

பாதம் மறந்த மணல்

தொடு உணர்வுக்கு வந்தால், புதுச்சேரிக்காரர் பலரும் முதலில் நினைப்பது மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமியைத்தான். தும்பிக்கை தலையில் படும் அந்த ஒரு கணத்துக்காகவே குழந்தைகள் அங்கே இழுத்துச் செல்வர். அதன் நுனியின் ஈரமும் மயிரின் சொரசொரப்பும் பட்டவருக்கு மறப்பதில்லை. 2022 நவம்பர் 30 அன்று காலை நடைப்பயிற்சியில் லட்சுமி சரிந்து விழுந்து இறந்தபோது, ஊர் முழுவதும் வீதியில் நின்று அழுதது.

கடற்கரையும் ஒரு காலத்தில் காலால் அறியப்பட்டது. இக்கரையோரமாக அலைகள் ஆண்டு முழுவதும் மணலை நகர்த்துகின்றன; மொத்தத்தில் அது தெற்கிலிருந்து வடக்கே போகிறது. 1980களின் இறுதியில் நகருக்குத் தெற்கே துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. மணல் சுவரின் தென்புறத்தில் தேங்கியது. வடபுறத்துக்குப் போவது நின்றது. சில ஆண்டுகளில் நகரின் முன்னிருந்த மணற்பரப்பைக் கடல் தின்றுவிட்டது. சாலையைக் காக்கக் கருங்கற்பாறைகள் கொட்டப்பட்டன. அதன்பின் பிறந்த குழந்தைகள் கடற்கரைக்குப் போனார்கள், காற்று வாங்கினார்கள், காந்தி சிலையருகே சுண்டல் தின்றார்கள். சொந்த ஊர்க் கடலில் கால் நனைக்காமலேயே வளர்ந்தார்கள்.

சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி, 2018-19 வாக்கில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் எஃகுத் திட்டு ஒன்று இறக்கப்பட்டது. அலையின் வேகம் குறைந்த இடத்தில் மணல் தங்கத் தொடங்கியது. இப்போது மாலை வேளைகளில் அங்கே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பேரக்குழந்தையோடு ஈர மணலில் நிற்கும் முதியவர்களைக் காணலாம்.